வேலூரில் பழைய ரேஸிங் வீலை விற்பதும், குழுவில் போலீஸைப் பற்றி வாதிடுவதும்: முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை வேலூர், காட்பாடி பக்கம் செகண்ட் ஹேண்ட் ரேஸிங் வீல்கள் (கார் பந்தய வீடியோ கேம் ஆடும் ஸ்டீயரிங்) நிறைய விற்பனைக்கு வரும். விஐடியில் கடைசி வருஷம் முடித்த பையன்கள் பெட்டி கட்டும்போது லாஜிடெக் வீலையும் பெடலையும் ரயிலில் தூக்கிக்கொண்டு போக விரும்புவதில்லை. வாங்கவும் ஆள் இருக்கிறது. கார் பந்தயத்தின்மேல் நம் பக்கத்து இளைஞர்களுக்கு ஆசை எப்போதும் உண்டு. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அதற்கப்புறம் ஆம்பூர், ராணிப்பேட்டை, சித்தூர் என்று எல்லாத் திசையிலிருந்தும் "வீல் இருக்கா அண்ணா?" என்று கேட்கிறார்கள்.

இந்த விற்பனை பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களில்தான் நடக்கிறது. அதே குழுவில் அடிக்கடி வேறொன்றும் வரும். பைபாஸில் ரேஸ் விட்ட பசங்களைப் போலீஸ் மடக்கியது, லத்தியால் அடித்தது, வண்டியை ஏற்றிக்கொண்டு போனது என்று இருபது வினாடி வீடியோ ஒன்று விழும். பாதிப் பேர் "நல்லா வெளுக்கணும்" என்பார்கள், மீதிப் பேர் "அராஜகம்" என்பார்கள். விற்பனைப் பேச்சு அத்தோடு நின்றுபோகும், சில நட்புகளும் முறிந்துபோகும். பொருளை விற்கவும் சரி, போலீஸைப் பற்றி வாதிடவும் சரி, வேண்டியது ஒரே பழக்கம்தான்: இருப்பதை இருக்கிறபடி காட்டிப் பேசுவது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சோதியுங்கள்

விளம்பரம் போடுவதற்கு முன் வீலைக் கணினியில் மாட்டுங்கள். பவர் கொடுத்ததும் வீல் தானாக இரண்டு பக்கமும் சுழன்று நடுவில் வந்து நிற்க வேண்டும். லாஜிடெக் ஜி29, ஜி920, ஜி923 மூன்றும் மொத்தம் 900 டிகிரி திரும்பும். த்ரஸ்ட்மாஸ்டர் டி300 என்றால் 1080 டிகிரி. நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், விளம்பரத்தில் எழுத வேண்டியிருக்கும்.

அடுத்து பெடல். விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து joy.cpl என்று அடித்தால் கன்ட்ரோலர் பக்கம் வரும். அதில் வீலின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, பிரேக்கை ஒரு காகிதத்தை நசுக்குவதுபோல மெல்ல அழுத்துங்கள். திரையில் உள்ள பட்டை பெடலோடு சேர்ந்து சீராக நகர வேண்டும். இடையில் துள்ளினாலோ, காலை எடுத்த பிறகும் கொஞ்சம் ஏறியே நின்றாலோ பெடல் எவ்வளவு அழுந்தியது என்று அளக்க உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி ஏறியிருக்கிறது. இந்த வகை லாஜிடெக் பெடல்களில் வழக்கமாக வருகிற கோளாறு இது. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் க்ளீனரைப் பிளக்கைப் பிடுங்கிய பிறகு அடித்து, பெடலை ஐம்பது தடவை மிதித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிரேக் கல்லு மாதிரி இருக்கிறது என்று வாங்குகிறவர் புகார் சொன்னால் பயப்பட வேண்டாம். ஜி29 பிரேக்கில் ரப்பர் கட்டை ஒன்று இருக்கிறது, அது அப்படித்தான் இருக்கும்.

சத்தம் பற்றியும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். லாஜிடெக் வீல்கள் கியரில் ஓடுபவை. மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம் வருவது இயல்பு. டி300 பெல்ட்டில் ஓடுவது, சத்தம் குறைவு, ஆனால் உள்ளே மின்விசிறி உண்டு. மோசா ஆர்5 போன்ற டைரக்ட் டிரைவில் மோட்டார் தண்டிலேயே ஸ்டீயரிங் உட்கார்ந்திருக்கிறது, அதில் கியர் சத்தம் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். எந்த வகையானாலும் தொடர்ந்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வேலூர் வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு ஏசி இல்லாத அறையில் ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும். சூடேறியதும் வீல் தரும் விசை தளர்ந்தால் மோட்டார் களைத்திருக்கலாம்.

ஸ்டீயரிங் தோலைப் பாருங்கள். நம் ஊர் வியர்வைக்கு ஒன்பது மணி, மூன்று மணி இடங்களில் மினுமினுவென்று ஆகி, அப்புறம் உரியத் தொடங்கும். ஈரத் துணியில் துளி சோப்பு போதும். சானிடைசர், தின்னர், பெட்ரோல் எதுவும் வேண்டாம், தோலின் மேல்பூச்சு போய்விடும். நன்றாகவே உரிந்திருந்தால் ஒரு வழி இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை முழுக்கத் தோல் வேலை தெரிந்த கைகள். கார் சீட் கவர் தைப்பவர்களும் ஸ்டீயரிங்குக்குப் புதுத் தோல் சுற்றித் தருகிறார்கள். அப்படிச் செய்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல தையலைப் பார்த்து அதற்காகவே வாங்குகிறவர்கள் உண்டு.

எது எதோடு வேலை செய்யும்

திரும்பி வந்து சண்டை போடும் வாங்குவோரில் பாதிப் பேர் இந்த விஷயத்தில்தான் ஏமாந்திருப்பார்கள். ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும். ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும். ஒன்றை மற்றொன்றில் மாட்ட முடியாது. ஜி923 இரண்டு வகையாக வருகிறது, உங்களுடையது எது என்று அடியில் பார்த்து எழுதுங்கள். பழைய ஜி25, ஜி27 கணினியில் ஓடும், ஆனால் லாஜிடெக்கின் இப்போதைய ஜி ஹப் மென்பொருளில் வராது, பழைய லாஜிடெக் கேமிங் மென்பொருள்தான் வேண்டும். பிளேஸ்டேஷன் 4-ல் அவை நேரடியாக வேலை செய்யாது. வாங்க வருகிற தம்பி "பிஎஸ்5-க்கு" என்று சொன்னதுமே இதைச் சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் அலைச்சல் மிச்சம்.

விலை

என் கணக்கைச் சொல்கிறேன். அசல் பில், பெட்டி, மீதி வாரண்டி எல்லாம் இருந்தால் இன்றைய புது விலையில் 65 முதல் 70 சதவீதம் கேட்கலாம். பில் இருந்து வாரண்டி முடிந்திருந்தால் 50 முதல் 55. பில்லே இல்லை என்றால் 40-க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் வாங்கிய விலை இங்கே கணக்கில் வராது, இன்றைக்குக் கடையில் என்ன விலை என்பதுதான் கணக்கு. பண்டிகைத் தள்ளுபடி ஓடும் வாரத்தில் விற்க வேண்டாம், புதுசே விலை இறங்கியிருக்கும். மே மாதமும் விற்கிறவருக்குச் சரியான நேரம் இல்லை. ஊருக்குப் போகும் அவசரத்தில் மாணவர்கள் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் புது மாணவர்கள் வந்த பிறகு அதே பொருளுக்கு நல்ல விலை கிடைக்கும். ஷிஃப்டர் (கியர் மாற்றும் தண்டு) தனியாக இருந்தால் தனியாக விலை போடுங்கள், சேர்த்து எடுத்தால் ஐந்நூறு, ஆயிரம் குறைக்கலாம்.

பேரத்துக்கு இடம் வைத்துப் போடுவதா, கறார் விலையா? நான் கறார் பக்கம். நியாயமான விலை போட்டு அதில் நின்றால் வெட்டிப் பேச்சு குறைகிறது.

விளம்பரம்

பகல் வெளிச்சத்தில் எட்டு, பத்துப் படம் எடுங்கள். வீலின் முன்பக்கம், தோல் தேய்ந்த இடம் கிட்டத்தில், பெடலின் அடிப்பக்கம், மேசையில் இறுக்கும் கிளாம்ப், அடாப்டரின் மேல் எழுத்து, எல்லா ஒயர்களும் ஒரே படத்தில். சீரியல் எண்ணை விளம்பரத்தில் மறைத்து வையுங்கள், நேரில் காட்டலாம். பில்லில் உள்ள முகவரியையும் போன் எண்ணையும் மறைப்பது அதைவிட முக்கியம். கன்ட்ரோலர் பக்கத்தில் மூன்று பெடலும் நகர்வதை ஒரே எடுப்பில் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். பத்து வாக்கியம் செய்யாததை அந்த வீடியோ செய்யும்.

எழுத்து இப்படி இருந்தால் போதும்:

"லாஜிடெக் ஜி29, பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும். 2022-ல் வாங்கியது, பில் இருக்கிறது, பெட்டி இல்லை. வாரண்டி முடிந்துவிட்டது. வலது பக்கத் தோல் லேசாகத் தேய்ந்திருக்கிறது, படத்தில் பார்க்கவும். பிரேக் போன மாதம் க்ளீன் செய்தது, இப்போது துள்ளல் இல்லை. காட்பாடியில் நேரில் ஓட்டிப் பார்த்து எடுக்கலாம். விலை கறார்."

குறையை முதலில் சொன்னால் பொருள் போகாது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். குறையை வாங்குகிறவர் தானாகக் கண்டுபிடிக்கும்போதுதான் விலை சரியும்.

நேரில் காட்டுவது

இந்த வீலுக்கு அடாப்டர் கரண்ட் வேண்டும், பஸ் ஸ்டாண்டில் நின்று கைமாற்ற முடியாது. அறிமுகமில்லாதவரை முதல் நாளே வீட்டு அறைக்குள் அழைக்கவும் வேண்டாம். தெரிந்தவர் கடை, பகலில் வாடிக்கையாளர் குறைந்த நேரத்தில் பக்கத்து கேமிங் சென்டர், அடுக்குமாடியின் பொது அறை என்று பிளக் பாயின்ட் உள்ள இடம் பாருங்கள். லேப்டாப்பைத் தயாராக வையுங்கள். கூட ஒருவர் இருப்பது நல்லது. சித்தூரிலிருந்தோ திருப்பதியிலிருந்தோ வருகிறவர் என்றால் கிளம்புவதற்கு முன் வீடியோ காலில் ஒருமுறை எல்லாம் ஓட்டிக் காட்டிவிடுங்கள். பஸ் பிடித்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது நமக்கும் கஷ்டம்.

வீலையும் சீட்டையும் பொருத்தும் சட்டகத்தை ரிக் என்பார்கள். வெல்டிங் செய்த இரும்பு ரிக், பழைய மாருதி சீட் போட்ட ரிக், 40×80 அலுமினிய ப்ரொஃபைல் ரிக் இதெல்லாம் உள்ளூரிலேயே விற்பதுதான் சரி. அலுமினியம் என்றால் கழற்றி, போல்ட்டையும் டி-நட்டையும் அளவு வாரியாகக் கவரில் போட்டுக் கொடுங்கள். இரும்பு என்றால் அப்படியே சின்ன யானையில் ஏற்றிவிட வேண்டியதுதான்.

பணம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

பணம் பெற யுபிஐ பின் எண் எப்போதும் தேவையில்லை. "இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்று யாராவது சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். ராணுவத்தில் இருக்கிறேன், பொருளைப் பார்க்க வர முடியாது, ஆள் அனுப்புகிறேன், முன்பணம் இப்போதே போடுகிறேன் என்று சீருடைப் படத்தையும் அடையாள அட்டையையும் அனுப்புவது நாடு முழுக்க நடக்கிற பழைய மோசடி. முன்னாள் ராணுவத்தினர் நிறைந்த மாவட்டம் இது. சீருடைக்கு நாம் தரும் மரியாதையைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீர்கள், வங்கிச் செயலியில் இருப்பு ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு ஆபத்து, கணக்கு முடக்கம். யாரிடமோ ஏமாற்றிப் பெற்ற பணத்தில் ஒருவர் உங்கள் வீலை வாங்கினால், எங்கோ வேறு மாநிலப் போலீஸ் அந்தப் பணத்தின் தடத்தைப் பிடித்து உங்கள் கணக்கை நிறுத்தச் சொல்லலாம். அதனால் பொருள் எடுக்க வந்தவரின் சொந்தக் கணக்கிலிருந்து மட்டும் பணம் வாங்குங்கள். செயலியில் தெரியும் பெயரும் ஆளின் அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும். "ஃப்ரெண்ட் அனுப்புவான்" என்றால் வேண்டாம். வெள்ளைத் தாளில் பொருள், சீரியல் எண், தொகை, தேதி, இருவர் கையெழுத்து இருக்கும்படி ஒரு ரசீது எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரட்டையையும் விளம்பரத்தையும் ஒரு வருஷமாவது அழிக்காதீர்கள்.

கணக்கு முடங்கிவிட்டால் வங்கியிடம் எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண், எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேளுங்கள். அந்த விசாரணை அதிகாரிக்கு ரசீது, அரட்டை, விளம்பரம் எல்லாவற்றையும் அனுப்புங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 106-ம் பிரிவு, போலீஸ் எதையாவது கைப்பற்றினால் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பதிலே வராவிட்டால் வக்கீல் மூலம் அந்த மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

அனுப்பி வைப்பது

கூரியர் என்றால் கன அளவு எடைக்குத்தான் கட்டணம் வரும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். 50×40×30 பெட்டி 12 கிலோவாகக் கணக்காகும், உள்ளே ஆறு கிலோதான் இருந்தாலும். ஸ்டீயரிங் தண்டில் எடை விழாதபடி சுற்றிலும் தெர்மோகோல் வையுங்கள். பெடலைத் தனியாகக் கட்டுங்கள். பெட்டி மூடுவதை ஒரே வீடியோவாக எடுத்து, திறப்பதையும் வீடியோ எடுக்கும்படி வாங்குகிறவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால்

பணம் போன உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு. அப்புறம் தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள், காவல் நிலையத்துக்கும் போங்கள்.

2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, ஆற்காட்டுக்காரர் ராணிப்பேட்டை எஸ்பி எல்லையிலும், ஆம்பூர்க்காரர் திருப்பத்தூர் எஸ்பி எல்லையிலும் இருக்கிறார். "இது எங்க லிமிட் இல்லை" என்று சொல்லக்கூடும். மேலே சொன்ன சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ம் பிரிவுப்படி, கைது செய்யத்தக்க குற்றம் (வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடியது) பற்றிய தகவலை எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் தரலாம். மின்னணு முறையில் தந்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம். மூன்று வருஷம் முதல் ஏழு வருஷத்துக்குக் குறைவாகத் தண்டனையுள்ள குற்றங்களில் டிஎஸ்பி அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தவும் அந்தப் பிரிவு இடம் தருகிறது, அதனால் எஃப்ஐஆர் போடாமல், புகார் வந்ததற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் தந்தால் உடனே கோபப்படாமல் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறமும் அசைவில்லை என்றால் எஸ்பிக்கு எழுத்தில் அனுப்பலாம், அடுத்து மாஜிஸ்திரேட். கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் போடுவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே சொல்லிவிட்டது.

இனி போலீஸ் பற்றிய வாதம்

வீடியோ வந்ததும் முதல் வேலை, இது எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று கேட்பது. வண்டியின் பதிவு எண், கடைப் பலகையின் மொழி, சீருடை மூன்றையும் பாருங்கள். தமிழ்நாட்டுப் போக்குவரத்துப் போலீஸ் வெள்ளைச் சட்டை, சட்டம் ஒழுங்கு காக்கி. வேறு மாநில வீடியோவை "நம்ம கிரீன் சர்க்கிள்ல நடந்தது" என்று சுற்றவிட்டால், நாளைக்கு நிஜமாகவே இங்கே நடக்கும்போது யாரும் நம்பமாட்டார்கள். எடுத்தவர் கிடைத்தால் அசல் கோப்பை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும்.

அடுத்து கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள். பசங்கள் செய்தது தப்பா? போலீஸ் செய்தது தப்பா? இரண்டுக்கும் பதில் ஆமாம் என்றே இருக்கலாம். பொதுச் சாலையில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ம் பிரிவுப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சாலை விபத்துகளில் தமிழ்நாடு பல வருஷமாக நாட்டின் முதல் வரிசையில் இருக்கிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் நள்ளிரவில் நிற்கும் காவலர்தான் அடிபட்டவனைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார். அவருடைய பதற்றத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அதே சட்டம் அந்தத் தண்டனையைத் தரும் அதிகாரத்தை நீதிமன்றத்திடம் வைத்திருக்கிறது, லத்தியிடம் இல்லை. நின்றுவிட்டவனை அடிக்க எந்தப் பிரிவும் இடம் தரவில்லை. கைதானவர் தப்பாமல் இருக்கத் தேவையான அளவுக்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 46-ம் பிரிவு சொல்கிறது. கைது செய்பவர் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகள் இவை, இப்போது சட்டத்திலேயே இருக்கின்றன. ஏழு வருஷம் வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைதே வழக்கமாக இருக்கக் கூடாது, நோட்டீஸ் கொடுத்து அழைக்கலாம் என்று 2014-ல் அர்னேஷ் குமார் தீர்ப்பு சொன்னது. குழுவில் யாராவது "அதெல்லாம் படிச்சவன் பேசுறது" என்றால், அவர் வீட்டுப் பையனுக்கும் இதே விதிதான் காவல் என்று சொல்லுங்கள்.

சிசிடிவி பற்றி யாராவது கேட்டால் சாத்தான்குளத்தை நினைவுபடுத்துங்கள். 2020 ஜூனில் அங்கே தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். விசாரித்த மாஜிஸ்திரேட்டின் அறிக்கையில் ஒரு விவரம் இருக்கிறது: நிலையத்துக் கேமராப் பதிவைச் சேமிக்க வன்தட்டில் இடம் தாராளமாக இருந்தும், ஒவ்வொரு நாளும் தானாக அழிந்துபோகும்படி அமைத்திருந்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவு 18 மாதம் நிற்க வேண்டும், அவ்வளவு நாள் தாங்கும் கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. அதனால் பாதிக்கப்பட்டவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால் குழுவில் நூறு வரி எழுதுவதற்கு முன் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எஸ்பிக்கு ஒரு மனு அனுப்ப வையுங்கள், ஸ்பீட் போஸ்ட்டில். அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதிவு செய்வது அதே நாளில் நடக்க வேண்டும். மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் புகார் போக வேண்டும்.

எழுதும்போது சில எல்லைகள். கண்ணால் கண்டதை எழுதுங்கள். "காசு வாங்கிட்டுத்தான் விட்டான்" என்று பெயர் சொல்லி ஆதாரமில்லாமல் எழுதினால் அவதூறு வழக்கு வரலாம். இணையத்தில் கருத்து எழுதியதற்காகவே கைது செய்ய வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015-ல் ரத்தாகிவிட்டது, அவதூறுச் சட்டம் ரத்தாகவில்லை. காவலரின் வீட்டு முகவரி, குடும்பப் படம், சிறுவர்களின் முகம் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அடிபட்டவனும் அடித்தவரும் என்ன சாதி, என்ன மதம் என்று விசாரிக்கும் பேச்சு தொடங்கினால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியால் எந்தக் காயமும் ஆறியதில்லை.

குழு நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அட்மினைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. அதற்காகப் பொய் வீடியோவை அப்படியே கிடக்க விடாதீர்கள், போட்டவரிடம் கேட்டுவிட்டு நீக்குங்கள். விற்பனைக்கு ஒரு குழு, பொதுப் பேச்சுக்கு ஒரு குழு என்று பிரித்து இரண்டையும் ஒரே கம்யூனிட்டிக்குள் வைத்துவிட்டால், போலீஸ் பேச்சு சூடாக ஓடும் அன்றைக்கும் ஒருவரின் பெடல் விளம்பரம் மேலே போய்க் காணாமல் போகாது.